ஆணியில காப்பர் கம்பி சுத்தியும் குண்டூசி ஒட்டல, பேட்டரி மட்டும் சுடுது

குட்டிமா_அப்பா:
பொண்ணுக்கு ஸ்கூல்ல எலக்ட்ரோமேக்னட், அதான் கரண்ட் போறப்ப மட்டும் காந்தமா இருக்கறது, செஞ்சுட்டு வரச் சொல்லியிருக்காங்க. வீட்ல வயரிங் பண்ணி மிச்சம் கிடந்த வயர உரிச்சு உள்ள இருக்கற காப்பர ஒரு மூணு இஞ்ச் ஆணியில நெருக்கமா சுத்தி, ரிமோட்ல போடற பென்சில் பேட்டரில ரெண்டு முனையையும் வச்சா ஒரு குண்டூசி கூட ஒட்ட மாட்டேங்குது, பேட்டரி மட்டும் நல்லா சுடுது. கரண்ட் போகுதுன்னுதானே அர்த்தம்? ரெண்டு பேட்டரி போடணுமா?

காயில்காரன்:
கரண்ட் போகுது சார், ஆனா சுத்திப் போகல. உரிச்ச கம்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆணியும் இரும்பு, அதனால குறுக்கால புகுந்து அந்தப் பக்கம் போயிடுது. ஒவ்வொரு சுத்தும் தர்ற காந்தப்புலம் ஒரே திசையில சேர்ந்தாதான் ஆணி காந்தமாகும். மோட்டார் ரீவைண்டிங் கடையில வைண்டிங் கம்பி கேளுங்க, அது மேல கரண்ட் கடத்தாத இனாமல் பூச்சு இருக்கும். முனை ரெண்டையும் உப்புத்தாள் வச்சு பளபளன்னு தேய்ச்சிடணும், இல்லன்னா கரண்டே போகாது. நூறு சுத்து, ஒரே பக்கமா. பாதியில திருப்பிச் சுத்தினா ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். பேட்டரி ஒண்ணு போதும்.

ரிட்டயர்டு_வாத்தியார்:
வெறும் கம்பியிலயும் முடியும். 1825ல இங்கிலாந்துல வில்லியம் ஸ்டர்ஜன் செஞ்சது அப்படித்தான், லாட வடிவ இரும்புக்கு வார்னிஷ் அடிச்சு, கம்பிய ஒண்ணோட ஒண்ணு படாம தள்ளித் தள்ளி 18 சுத்து. சுமார் 200 கிராம் இரும்பு 4 கிலோ தூக்குச்சு. கம்பிக்கே பட்டு சுத்தி அடுக்கடுக்கா சுத்தலாம்னு செஞ்சு காட்டினவர் அமெரிக்காக்காரர் ஜோசப் ஹென்றி, 1831ல யேல் காலேஜுக்கு அவர் செஞ்ச காந்தம் 900 கிலோவுக்கு மேல தூக்குச்சு. நீங்க ஆணிக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டி, இடைவெளி விட்டு சுத்திப் பாருங்க, ஒண்ணு ரெண்டு ஊசியாவது வரும்.

குட்டிமா_அப்பா:
வைண்டிங் கம்பி கிடைச்சுது, இப்ப ஊசி கொத்தா தூக்குது, ரொம்ப தேங்க்ஸ்! ஆனா பேட்டரிய எடுத்த பிறகும் ரெண்டு மூணு தொங்கிட்டே இருக்கே?

காயில்காரன்:
கான்கிரீட் ஆணியா? அது கெட்டி ஸ்டீல், ஏறின காந்தத்த லேசுல விடாது. மரத்துக்கு அடிக்கற சாதா ஆணி போடுங்க. இல்லன்னா அதையே அடுப்புல செவக்க காய்ச்சி சாம்பல்ல புதைச்சு மெதுவா ஆற விடுங்க, அந்தப் பிடிவாதம் குறையும். அப்புறம், டெமோ காட்டறப்ப மட்டும் கனெக்ஷன் குடுக்கச் சொல்லுங்க பாப்பாவ, வச்சுக்கிட்டே இருந்தா டீச்சர் வர்றதுக்குள்ள பேட்டரி காலி.