1893-எஸ் மார்கன் டாலர்: அசலா, போலியா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இணையச் சந்தையில் 1893-எஸ் மார்கன் வெள்ளி டாலர் என்ற பழைய அமெரிக்கக் காசு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 'எஸ்' என்பது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் எழுத்துக்குறி. சான் பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டு அடித்ததே மொத்தம் 1,00,000 காசுகள்தான். போலி செய்பவர்களுக்கு இதைவிடப் பிடித்த காசு இருக்குமா? விலையோ சாதாரண ஆண்டுக் காசின் விலை. அதுதான் உறுத்துகிறது.

எடை 26.7 கிராம், காந்தம் ஒட்டவில்லை என்கிறார் விற்பவர். அசல் எடை 26.73, சரி. ஆனால் செம்பிலும் பித்தளையிலும்கூடக் காந்தம் ஒட்டாதே! நீரில் தொங்கவிட்டு எடைபோட்டு, அடர்த்தி 10.3 பக்கம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பதிலே இல்லை.

அடர்த்தி சரியாக வந்தாலும் நிம்மதி கிடையாது. எழுத்துக்குறி இல்லாத அசல் 1893 காசின் பின்பக்கத்தில் ஒரு 'எஸ்' ஒட்டி விற்பது பழைய வேலை. வெள்ளி அசல், எடை அசல், அந்த ஓர் எழுத்து மட்டும் பொய். அசல் 1893-எஸ் காசில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி'யின் மேற்பகுதியில் சின்னச் சாய்கோடு இருக்கும். விற்பவரின் படத்தில் சரியாக அந்த இடம்தான் மங்கல்!

நன்றாகத் தேய்ந்த காசிலும் அந்தக் கோடு தெரியுமா? ஒட்டிய 'எஸ்'ஸைப் பூதக்கண்ணாடியில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அப்புறம், இந்தக் காசில் இருக்கும் ஒரு கீறல் இன்னொரு விற்பனையாளரின் காசிலும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்தவை என்று இதை வைத்தே முடிவு கட்டலாமா? கையில் அசல் வைத்திருப்பவர்கள் 'டி' எழுத்தின் நெருக்கப் படம் ஒன்று போட்டால் பெரிய உதவி.