குடியாத்தம் வீட்டார் குழு: சனிக்கிழமை மாலை

பாலா: ஒரு சிக்கல். நாளை ஆயா அஸ்தி கரைக்கப் பேசிய படகின் புரொப்பெல்லர் காத்தாடியில் தங்கூசி வலை சுற்றிக்கொண்டது. கழற்றி எடுத்தாயிற்று. திரும்ப மாட்ட ஆள் இல்லை, மெக்கானிக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

சின்ன அத்தை: ஐயோ

பெரியப்பா: எந்த எஞ்சின்?

பாலா: அவுட்போர்டு. 15 எச்.பி.

சித்தப்பா: இதற்குத்தான் கௌண்டன்யாவிலேயே கரைக்கலாம் என்றேன். பிறந்த ஊர் பழவேற்காடு என்று அவ்வளவு தூரம்

மீனா: ஆற்றில் தண்ணீர் எங்கே சித்தப்பா

சித்தப்பா: 2021 நவம்பரில் ஊருக்குள்ளேயே வந்ததே

மீனா: ஆயா அப்போதே போயிருக்க வேண்டுமா

சின்ன அத்தை: மீனா!

பெரியப்பா: பாலா, முதலில் கியரை நியூட்ரலில் வை. கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்று, பிளக் வயரையும் பிடுங்கிவிடு. கியரில் இருக்கும்போது காத்தாடியைக் கையால் சுற்றினால் எஞ்சின் உதைக்கும், விரல் போய்விடும். அப்புறம் ஷாஃப்ட்டில் வலை நரம்பு ஓர் இழைகூட மிச்சம் இருக்கக் கூடாது. அது ஆயில் சீலை அறுக்கும். தண்ணீர் உள்ளே போனால் கியர் ஆயில் பால் காபி மாதிரி ஆகிவிடும்.

முரளி: வேன் 3:30க்கு. யார் யார்?

சின்ன அத்தை: எனக்கு முன் சீட். வாந்தி வரும்.

பெரியப்பா: நான் இன்னும் முடிக்கவில்லை. ஷாஃப்ட்டில் பல் வெட்டியிருக்கும் இடத்தில் தண்ணீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாகத் தடவு. இல்லாவிட்டால் உப்பில் பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை சுத்தியலுக்கும் அசையாது.

பாலா: மாட்டிவிட்டேன் பெரியப்பா. ஒரு தடித்த பித்தளை வளையம் மீதி இருக்கிறது. அது எங்கே?

பெரியப்பா: அதுதான் முதலில்!! கழற்று. அது இல்லாமல் ஓட்டினால் காத்தாடி கியர் பெட்டியில் போய் உரசும். எந்தப் பக்கம் உள்ளே இருந்ததோ அதே பக்கம்.

சித்தப்பா: வளையம் என்றதும் ஞாபகம் வந்தது. அம்மாவின் கம்மல் யாரிடம் இருக்கிறது?

சின்ன அத்தை: இப்போது இதைப் பேச வேண்டுமா அண்ணா

சித்தப்பா: சும்மா கேட்டேன்

சின்ன அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: இறுக்கும்போது இறக்கைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை கொடு, சுற்றாது. எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு நட்டை முறுக்கு. நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் போகும் ஓட்டை நேராக வரவில்லையா, இன்னும் கொஞ்சம் இறுக்கி நட்டின் அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோ. தளர்த்திப் பின்னால் வராதே. காட்டர் பின் புதிது போடு. பழையதை நிமிர்த்திப் போட்டால் ஒடியும்.

பாலா: புதிது இல்லை. ஆணி ஒன்றை வளைத்துப் போடட்டுமா?

முரளி: 😂😂 நம் ஊர் சிரசு திருவிழா

மீனா: கடையாணி!!

முரளி: தாத்தா வண்டிக்கு ஆணியை வளைத்துப் போட்டது யாராம்? சக்கரம் தனியாகத் திருவிழாவுக்குப் போனதே

பெரியப்பா: அப்போது எனக்கு 14 வயது.

பெரியப்பா: அதனால்தான் சொல்கிறேன். ஆணி வேண்டாம்.

சின்ன அத்தை: அம்மா போன மாதம்கூட அதைச் சொல்லிச் சிரித்தாள்

பாலா: பொன்னேரியில் கடை திறந்திருக்கிறதா பார்க்கிறேன்

சித்தப்பா: கிடைக்காவிட்டால்?

முரளி: துடுப்பு

பெரியப்பா: என் டப்பாவில் பின் இருக்கிறது, நானே கொண்டுவருகிறேன். வேனில் இடம் வை. பாலா, ஓட்டை 3 மி.மீ.யா, 4ஆ? அளந்து சொல்.

பாலா: ஸ்கேல் இல்லை. தீக்குச்சி தாராளமாகப் போகிறது

பெரியப்பா: எந்தத் தீக்குச்சி

சின்ன அத்தை: அப்போ முன் சீட் யாருக்கு?