மாரி செல்வராஜ் மாதிரி வரணும் என்கிற மருமகனுக்கு என்ன சொல்வது?

பாளைக்காரன்:
என் தங்கச்சி மகன் பாளையங்கோட்டையில் காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறான். இயக்குநர் மாரி செல்வராஜின் முதல் படம் பரியேறும் பெருமாள் பார்த்த நாளிலிருந்தே சினிமாப் பைத்தியம், இப்போது அவருடைய பைசன் பார்த்துவிட்டு வந்து, பரீட்சை முடிந்த கையோடு சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேர்ந்து ரெண்டே வருஷத்தில் படம் எடுப்பேன் என்கிறான். தங்கச்சி ஒரே அழுகை, "நீயாவது சொல்லுண்ணே" என்கிறாள். மாரி நம்ம பக்கத்து ஆள்தானே, அவர் எப்படி வந்தார்? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்க.

தாமிரபரணித் தண்ணி:
அண்ணாச்சி, அந்த ரெண்டு வருஷக் கணக்கை முதலில் விடச் சொல்லுங்க. மாரி புளியங்குளத்துக்காரர். இயக்குநர் ராமிடம் கற்றது தமிழ் படத்திலேயே உதவி இயக்குநர், அது வந்தது 2007. அப்புறம் தங்கமீன்கள், தரமணி. சொந்தப் படமான பரியேறும் பெருமாள் வெளிவந்தது 2018 செப்டம்பரில். பதினோரு வருஷம்! நடுவில் சிறுகதை எழுதினார், 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று தொகுப்பாக வந்தது, ஆனந்த விகடனில் 'மறக்கவே நினைக்கிறேன்' தொடர் வந்தது. மருமகனை அந்த ரெண்டையும் வாசிக்கச் சொல்லுங்க. கேமரா கைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாடியே அவர் கதை சொல்லப் பழகிவிட்டார் என்பது அவனுக்கே விளங்கும்.

வைகுண்டத்தான்:
நான் அவருடைய வாழை படத்தை மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் வாழைத்தார் சுமக்கப் போனவன். வயல் சகதியில் கால் புதையும், தலையில் சும்மாடு வைத்தாலும் கழுத்து விண்ணென்று தெறிக்கும், சட்டையில் பட்ட வாழைக்கறை எத்தனை துவைத்தாலும் போகாது. படத்தில் தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்பார்கள், கூட்டிக் கொடுத்த வியாபாரி அந்தக் காசை மிச்சம் பிடிக்க ஆட்களையும் தார் ஏற்றிய லாரி மேலேயே ஏற்றி அனுப்புவான், லாரி கவிழும். அந்த ஒரு ரூபாய்க்கும் அத்தனை சாவுக்கும் நடுவில் உள்ள கணக்கை வயலில் நின்றவனால்தான் அவ்வளவு சரியாகச் சொல்ல முடியும். தியேட்டரில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. 2024இல் அதை அவர் சொந்தக் கம்பெனியிலும் சேர்த்துத் தயாரித்தார், அதற்கு முன்னாடி மூணு படம் ஓடியிருந்தது என்பதையும் மருமகன் கவனிக்கணும்.

மேலப்பாளையம் வாசகி:
வைகுண்டத்தான் அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஊர்க்கதை இருந்தால் போதும் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. முதல் படத்தைத் தயாரிக்க இயக்குநர் பா. ரஞ்சித் முன்வந்தார். அது ஓடியதால்தான் அடுத்த படம் கர்ணனுக்குத் தனுஷும் தயாரிப்பாளர் தாணுவும் கிடைத்தார்கள். மாமன்னன் நம்ம ஊர்க்கதையே இல்லை, சேலத்துப் பக்கம் நடப்பது, அதில் வடிவேலுவை அப்படி அழ வைத்ததுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய தைரியம். பைசனில் திரும்ப இங்கே வந்து கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையை எடுத்தார்.

உதவி இயக்குநர் வேலையில் மாசச் சம்பளம் என்று நம்பி இருக்க முடியாது, தங்கச்சி அழுவதில் நியாயம் இருக்கிறது. டிகிரியை முடிக்கட்டும். அவன் எழுதி வைத்தது ஏதாவது இருந்தால் இங்கே போடச் சொல்லுங்க, நான் உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறேன்.