பயனர் மாறினால் ஒலி வரவில்லை: லினக்ஸ் மின்ட் 21, இரண்டு கணக்குகள்

கேள்வி

வணக்கம். வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட் 21 இயங்குகிறது. எனக்கும் மகளுக்கும் தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கையில், வெளியேறாமல் 'பயனரை மாற்று' என்பதை அழுத்தி அவளை உள்நுழைய விட்டால், அவளுடைய ஒலி அமைப்புகளில் 'டம்மி அவுட்புட்' (ஒலிக் கருவி கிடைக்காதபோது காட்டப்படும் போலி வெளியீடு) மட்டுமே தெரிகிறது. என் பாட்டோ பின்னணியில் நிற்காமல் ஒலிக்கிறது. நான் முழுவதுமாக வெளியேறிய பிறகு அவள் நுழைந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கணினியை அமைத்த புதிதில் ஒரு பழைய குறிப்பைப் பார்த்து இருவரையும், ஒலிக் கருவிகளைத் திறக்கும் அனுமதி தரும் 'ஆடியோ' குழுவில் சேர்த்துவிட்டேன் என்பதால், அனுமதியில் குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

மறுமொழி 1

டெவ் அடைவுக்குள் எஸ்என்டி என்ற அடைவில் இருக்கும் ஒலிக் கருவிக் கோப்புகள் அனைத்துக்கும் 666 அனுமதி (எவரும் படிக்கவும் எழுதவும் விடுவது) கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்

கொடுத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. கணினியை மறுபடி இயக்கியதும் அனுமதிகள் பழையபடி ஆகிவிட்டன.

மறுமொழி 2

ஐயா, உங்கள் சிக்கல் அனுமதி குறைந்ததால் அன்று, கூடியதால் வந்தது. பாட்டு நிற்காமல் ஒலிக்கிறது என்று நீங்கள் எழுதியதே அதற்குச் சான்று.

லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பகுதியான, பயனர் அமர்வுகளைக் கவனிக்கும் லாகின்ட், திரைக்கு முன்னால் எவருடைய அமர்வு நடக்கிறதோ அவருக்கு மட்டும் ஒலிக் கருவிக் கோப்புகளைத் திறக்கும் உரிமையைத் தற்காலிகமாக வழங்கி, பயனர் மாறியதும் அதைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுக்கிறது. மின்ட் 21-இல் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு பல்ஸ்ஆடியோ (செயலிகளின் ஒலியைக் கலந்து ஒலி அட்டைக்கு அனுப்பும் நிரல்) இயங்குகிறது; உரிமை போனதை அறிந்ததும் அது ஒலி அட்டையை விட்டு விலகிக்கொள்ளும். ஆடியோ குழுவில் இருப்பவருக்கோ அந்த உரிமை ஒருபோதும் போவதில்லை. ஆகவே உங்களுடைய பல்ஸ்ஆடியோ அட்டையைப் பிடித்தபடியே இருக்க, மகளுடையது திறக்க முயன்று தோற்று, டம்மி அவுட்புட்டைக் காட்டுகிறது. பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் போன்ற அட்டைகள் பல ஒலிகளைத் தாமே கலந்துவிடும். இன்றைய தாய்ப்பலகைகளில் உள்ளவை அப்படிச் செய்வதில்லை என்பதால், ஒருவர் பிடித்திருக்கும்போது மற்றவரால் திறக்க முடியாது. 666 கொடுப்பது இதே கோளாறைக் கணினியில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் பரப்புவதாகும்.

மகளுடைய அமர்வில் இருந்துகொண்டு, நிர்வாகி உரிமையுடன் அந்தக் கோப்புகள்மேல் ஃபியூசர் கட்டளையை (ஒரு கோப்பை எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டுவது) -v சேர்த்து இயக்கினால், அட்டையைப் பிடித்திருப்பவர் பெயர் தெரியும். உங்கள் பெயர் வந்தால், 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' செயலியில் இருவரையும் ஆடியோ குழுவிலிருந்து நீக்குங்கள். ஏற்கெனவே ஓடும் நிரல்கள் பழைய குழு உரிமையை விடாமல் வைத்திருக்கும் என்பதால், கணினியைக் கட்டாயம் மறுபடி தொடக்குங்கள்.

கேட்டவர்

ஃபியூசரில் என் பெயர்தான் வந்தது. இருவரையும் நீக்கி மறுபடி தொடக்கினேன். மகளுக்கு ஒலி வந்துவிட்டது. ஆனால் அவள் பாடம் எழுதும்போது என் பாட்டும் மெதுவாக ஒலிக்க வேண்டும் என்கிறாள். இரண்டும் சேர்ந்து ஒலிக்க வழியுண்டா?

மறுமொழி 2

உண்டு. உங்களை மட்டும் மறுபடி ஆடியோ குழுவில் சேர்த்து, உங்கள் பல்ஸ்ஆடியோ அமைப்புக் கோப்பில் டிசிபி (வலையமைப்பு) வழி இணைப்புக்கான நிரற்கூறை ஏற்றி, அது கேட்கும் முகவரியையும் அனுமதிக்கும் முகவரியையும் 127.0.0.1 (இதே கணினியைக் குறிக்கும் முகவரி) என்றே வரையறுங்கள். இல்லாவிட்டால் பல்ஸ்ஆடியோ பயன்படுத்தும் 4713 என்ற துறை (போர்ட்) வீட்டு வலையமைப்புக்கும் திறந்துவிடும். மகளின் பல்ஸ்ஆடியோ கிளையன்ட் அமைப்புக் கோப்பில் அதே முகவரியை இயல்பான சேவையகமாக எழுதினால், அவளுடைய ஒலியும் உங்கள் பல்ஸ்ஆடியோ வழியே வரும். நீங்கள் உள்நுழைந்திருந்தால்தான் அவளுக்கு ஒலி வரும். ஒலிவாங்கியும் பொதுவாகிவிடுவதால், ஒருவர் பேசுவதை மற்றவர் கணக்கிலிருந்து பதிவுசெய்ய முடியும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பல்ஸ்ஆடியோவைக் கணினி முழுமைக்கும் ஒன்றாக இயக்கும் முறையும் உள்ளது. அதை உருவாக்கியவர்களே வீட்டு மேசைக் கணினிக்கு வேண்டாம் என்கிறார்கள்.

கேட்டவர்

ஒலிவாங்கியைப் பற்றிப் படித்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். இப்போது அவள் நுழைந்ததும் என் பாட்டு நின்று, நான் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. மிக்க நன்றி, ஐயா.