கட்டட வெப்பமூட்டிக்கான எச்சரிக்கை: வேண்டாதவை குவிகின்றன, வேண்டியது வரவில்லை

வடக்குவாசல்:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ரொறன்ரோ மாநகரில், ஸ்காபரோ பகுதியில் 24 வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். நிலக்கீழ் அறையில் இரண்டு காஸ் பொயிலர்கள் உள்ளன. அவை சூடாக்கும் நீர், பம்பின் வழியே ஒவ்வொரு வீட்டின் சுவரடி ரேடியேற்றருக்கும் சென்று திரும்புகிறது. கடந்த இலையுதிர் காலத்தில் உரிமையாளர் இவற்றை இணையத்தோடு இணைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். பொருத்த வந்தவர்கள், வெளியே செல்லும் நீரின் வெப்பநிலை 60 பாகைக்குக் கீழே இறங்கினால் எனக்கு மின்னஞ்சல் வரும்படி அமைத்துவிட்டுப் போனார்கள்.

ஒக்டோபர் முழுவதும் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது மின்னஞ்சல்கள் வந்தன. ஓடிப்போய்ப் பார்த்தால் பொயிலர் ஒழுங்காகவே எரிந்துகொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் அவை தனிக் கோப்புறைக்குள் தாமாகப் போகும்படி செய்துவிட்டேன், செய்திருக்கக் கூடாதுதான். ஜனவரியில், வெளியே -19 பாகையாக இருந்த ஓர் இரவில் இரண்டு பொயிலர்களும் நின்றுபோயின. அந்த இரவில் கோப்புறைக்குள்ளும் ஒரு மின்னஞ்சல்கூட இல்லை. காலை 5.40க்கு மூன்றாம் மாடி அம்மா ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ரேடியேற்றரில் கை வைத்தால் பச்சைத் தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்குது" என்று சொன்ன பிறகே எனக்கு விடயம் தெரிந்தது. அவருடைய அறையில் அப்போது 16 பாகை. இந்த மாநகரச் சட்டப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும்.

பிறகு பார்த்தபோது, பழைய பம்ப் ஒன்றின் மோட்டார் பழுதாகி அந்த அறையின் மின்சுற்று விழுந்திருந்தது. பொயிலர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி, ரூட்டர் ஆகிய எல்லாமே அந்த ஒரே சுற்றில்தான் இருந்தன.

என்னென்ன அளவுக்கு எச்சரிக்கை வைப்பது? பெட்டியே செயலிழந்தால் எப்படி அறிவது? செயலியில் 'மீட்டமை' என்றொரு பொத்தானும் இருக்கிறது. பூட்டிக்கொண்ட பொயிலரை வீட்டிலிருந்தே அதைக் கொண்டு இயக்கலாமா?

நீராவி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. சுடரைக் காணாத பொயிலர், எரியாத காஸ் உள்ளே சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. ஒருவர் நேரில் வந்து, ஏன் பூட்டியது என்று பார்த்த பிறகே விடுவிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பொத்தானைப் பொயிலரின் முகப்பில் வைத்திருக்கிறார்கள். படுக்கையில் இருந்தபடி நான்கு முறை அழுத்திப் பார்ப்பதற்கான பொத்தான் அல்ல அது. கார்பன் மோனொக்சைடு எச்சரிக்கையையும் இந்த இணைய அமைப்பிடம் ஒப்படைக்காதீர்கள். அதற்குரிய தனிக் கருவி அந்தந்த இடத்திலேயே ஒலிக்க வேண்டும்.

ஒக்டோபர் மின்னஞ்சல்களுக்குக் காரணம், நிலையான 60 பாகை வரம்புதான். உங்களுடையது வெளி வெப்பநிலையைப் பார்த்து நீரின் சூட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பாகவே இருக்க வேண்டும். வெளியே -20 என்றால் நீரை 80 வரை சூடாக்கும். வெளியே 10 பாகை என்றால் 50 போதும் என்று விட்டுவிடும். அப்படியானால் மிதமான நாட்களில் 60க்குக் கீழே இருப்பதுதான் அதற்கு இயல்பு. ஆகவே நிலையான எண்ணை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் பெட்டி கேட்கும் வெப்பநிலைக்கும் உண்மையில் இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை அளவாக வையுங்கள். அது 10 பாகைக்கு மேல், தொடர்ந்து 30 நிமிடம் நீடித்தால் மட்டும் எச்சரிக்கை எழட்டும். இடைவெளி 5 பாகைக்குள் வந்த பிறகே அது அடங்கட்டும். எழும் அளவும் அடங்கும் அளவும் ஒன்றாக இருந்தால், அந்தக் கோட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு கடிதம் வரும்.

அறை வெப்பநிலையை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். செங்கலும் கொங்கிரீட்டும் சேர்ந்த கட்டடம் மெதுவாகவே ஆறும். அறை 21இலிருந்து 18க்கு வரும்போது பொயிலர் நின்று பல மணி நேரம் ஆகியிருக்கும். குழாயில் உள்ள நீரோ ஒரு மணி நேரத்துக்குள்ளேயே செய்தியைச் சொல்லிவிடும். நீரழுத்தத்தையும் பாருங்கள். மூன்று மாடிக்கு, குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 16 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) தேவைப்படும். அது 10க்கு இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். 27ஐத் தாண்டினால், சூடாகி விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இத்தகைய அமைப்புகளில் காப்பு வால்வு வழக்கமாக 30இல் திறந்துவிடும்.

மூன்றாம்மாடி:

நான் பராமரிப்பாளர் அல்லன், வேறொரு கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவன். எங்கள் கட்டடத்தில் ஐந்து வீடுகளில் சென்சர் வைத்தார்கள். என் வீட்டில் அதைச் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கச் சூடு படும் இடத்தில் ஒட்டிவிட்டார்கள். நான் இரண்டு கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த நாட்களிலும் அது 24 என்றே காட்டியது. பக்கத்து வீட்டில் புகைபிடிப்பவர் சன்னலைத் திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை போய், ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். எனவே சென்சரை உட்சுவரில், ரேடியேற்றருக்கும் சன்னலுக்கும் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வீடு மட்டும் குளிர்ந்தால் அது அந்த வீட்டின் விடயம். ஐந்தில் மூன்று குளிர்ந்தால்தான் பொயிலரின் விடயம். வீட்டுக்குள் எதை வைத்தாலும் அது எதை அளக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு வையுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சிறிய வெள்ளைப் பெட்டி ஒட்டுக்கேட்கிறதோ என்று என் மனைவி பல நாள் அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

தொடுகோடு:

ஐயா, நீராவி சொன்ன அளவுகள் சரியானவை. ஆனால் ஜனவரி இரவில் உங்களைக் கைவிட்டது அளவு அன்று. செய்தி வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று நீங்களும் பெட்டியும் ஒன்றாக நம்பினீர்கள். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று வெளியில் உள்ள ஒரு சேவைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். மூன்று முறை தொடர்ந்து சொல்லாவிட்டால் அந்தச் சேவை உங்களை அழைக்கட்டும். உங்கள் பெட்டி, சாதனங்கள் செய்தி பரிமாறும் எம்க்யூடிடி என்ற நெறிமுறை வழியாகப் பேசுமானால் இதற்கென்றே 'இறுதி விருப்பம்' என்றொரு வசதி உண்டு: இணைப்பு முறையின்றி அறுந்தால், சாதனம் முன்பே எழுதிக் கொடுத்த செய்தியை நடுவில் உள்ள சேவையகம் அதன் சார்பில் வெளியிடும். கிட்டத்தட்ட உயில் மாதிரிதான்.

பெட்டி தன்னைப் பற்றித் தானே சொல்வதையும் முழுமையாக நம்பாதீர்கள். 2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில், கடுங்குளிரில், 600க்கும் மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்கள் ஏறக்குறைய இரண்டு நாள் வெப்பமின்றிக் கிடந்தன. ஃப்ரோஸ்டிகூப் என்று பின்னர் பெயரிடப்பட்ட தீநிரல், மோட்பஸ் வழியாகக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குக் கட்டளைகளை அனுப்பி, அவை தவறான அளவீடுகளைக் காட்டும்படி செய்துவிட்டது. மோட்பஸ் பழைய காலத்து நெறிமுறை. கட்டளை தருபவர் யார் என்று அது கேட்பதே இல்லை. 2016 நவம்பரில் பின்லாந்தின் லப்பேன்ரான்டாவில் நடந்ததோ இன்னும் எளியது. இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த கட்டுப்பாட்டுக் கருவிகள்மேல் கோரிக்கைகள் வெள்ளமாக வந்து விழ, அவை திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகி, இரண்டு கட்டடங்களில் வெப்பம் நின்றுபோனது. உங்கள் பெட்டியை ரூட்டரில் துளை போட்டு வெளியே காட்டியிருந்தால் இன்றே மூடிவிடுங்கள்.

இவற்றோடு, பெட்டிக்குத் தொடர்பே இல்லாத இரண்டாவது வழி ஒன்று வேண்டும். பல பொயிலர்களில் எச்சரிக்கைக்கென்று இரண்டு கம்பி முனைகள் இருக்கும். அதில், சிம் அட்டையும் சொந்த மின்கலமும் கொண்ட ஒரு தொலைபேசி அழைப்பானை இணையுங்கள். வெளியே போகும் குழாயில் கட்டிய தனி வெப்ப சென்சரையும் அதே அழைப்பானில் சேருங்கள். மின்சாரம் போனாலும் அது அழைக்கும்; இணையம் போனாலும் அழைக்கும்.

அழைப்பு யாருக்கு, எந்த வரிசையில் என்பதையும் எழுதி வையுங்கள். இரவில் மின்னஞ்சல் யாரையும் எழுப்பாது. அவசரத்துக்குக் குரல் அழைப்பு, பத்து நிமிடத்தில் ஏற்காவிட்டால் அடுத்தவருக்கு. அழுத்தம் மெல்ல இறங்குவது போன்றவை காலை 8 மணிக்கு ஒரே கடிதமாக வந்தால் போதும். எழுதியதை மாதம் ஒருமுறை சோதியுங்கள். சோதனை என்றால் திரையில் உள்ள 'சோதனை' பொத்தான் அன்று. பொயிலர் அறை வாசலில் இருக்கும் சிவப்பு நிற அவசர ஆளியை நிறுத்திப் பாருங்கள்.

வடக்குவாசல்:

மூவருக்கும் நன்றி. ரூட்டரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மின்பணியாளரைக் கொண்டு வேறு சுற்றுக்கு மாற்றி, மின்சாரம் போனாலும் சிறிது நேரம் அவற்றை இயக்கும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸும் வைத்துவிட்டோம். நீர் வெப்பநிலை எச்சரிக்கையை இடைவெளிக் கணக்குக்கு மாற்றிய பத்து நாட்களில் இரண்டே இரண்டு செய்திகள் வந்தன, இரண்டுமே உண்மையானவை. செயலியில் இருந்த 'மீட்டமை' பொத்தானை நிறுவனத்தாரிடம் சொல்லி நீக்கச் செய்துவிட்டேன்.

நேற்றுப் பகல் 2 மணிக்கு, வீடுகளுக்கெல்லாம் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, சிவப்பு ஆளியை நிறுத்தினேன். நான்கு நிமிடத்தில் அழைப்பான் என்னை அழைத்தது. வேண்டுமென்றே எடுக்காமல் விட்டேன். பத்து நிமிடம் கழித்து அது இரண்டாவது எண்ணை அழைத்தது, உடனே எடுத்து, "யார் பேசுறது?" என்று கேட்டவர், கடந்த கோடையிலேயே வேலையை விட்டு எட்மன்டனுக்குப் போய்விட்ட பழைய காவலாளி. எண்ணை இப்போது மாற்றிவிட்டேன்.