திரும்பி வராத மொய்: ஊருக்குள் நிதி திரட்டிய அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர், கீரமங்கலம் பக்கம்

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி சுற்றுவட்டாரம் முழுக்க மொய் விருந்து பேனர்தான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விருந்து வைப்பார். பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும், விருந்து வைத்தவர் ஒவ்வொருவர் பெயரிலும் போட்டிருக்கும் மேசைக்குப் போய் மொய் எழுத வேண்டும். நமக்கு வந்ததை அடுத்தவர் விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர்.

பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. ஆதரவில்லாத முப்பத்து சொச்சம் பேர். பிறந்தநாள், நினைவுநாள் என்று யாராவது ஒருவேளைச் சாப்பாடு போடுவார்கள், அதில்தான் பாதி நாள் ஓடும். 2020 ஊரடங்கில் அது நின்றது. அதற்கு முன்பே, 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னையைப் பறிகொடுத்து எங்கள் பக்கமே முடங்கிப் போயிருந்தது. அரிசி எப்படியோ வந்துவிடும். எண்ணெய், பருப்பு, கேஸ் சிலிண்டர், சர்க்கரை மாத்திரை, படுக்கையில் இருப்பவர்களுக்கான டயப்பர், இதற்கெல்லாம் கையில் காசு வேண்டும். யாரும் டயப்பரை நன்கொடையாகக் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

2022 ஆவணியில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, இல்லத்தின் பெயரிலேயே மொய் விருந்து வைக்கலாம் என்று முடிவு செய்தோம். கேரள வெள்ளத்தின்போது எங்கள் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர் தன் கடையிலேயே இப்படி வைத்தது மனதில் இருந்தது. கறி போடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் பேச்சு. போட்டால் வசூலில் பாதி பந்தியிலேயே போய்விடும். கடைசியில் டீயும் சுண்டலும் என்று பேனரிலேயே அடித்துவிட்டோம்.

காலையில் முதல் ஆளாக வந்த பெரியவர் மொய் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் எழுதிட்டுப் போறேன். அங்க இருக்கிறவங்க எனக்கு எப்பத் திருப்பிச் செய்வாங்க?" கிண்டலாகக் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க எழுதியதெல்லாம் திரும்பி வந்த நோட்டுதான் அவருக்குத் தெரியும். "இது திரும்பாது ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் 500 ரூபாய் வைத்தார். போகும்போது, "முன்னாடியே சொல்லியிருக்கணும்ப்பா" என்றார். அவர் சொன்னது சரி. அதன்பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் முதலில் அதைத்தான் சொன்னோம்.

பத்து மணி வாக்கில் பூக்கட்டும் அம்மா ஒருவர் வந்தார். எங்கள் ஊர் பூ மார்க்கெட்டில் தினமும் பார்க்கிற முகம். சுருக்குப்பையிலிருந்து நான்கு ஐம்பது ரூபாய் நோட்டுகளை எடுத்து, நீவி நீவி மேசையில் வைத்தார். வழக்கம்போல, "ஐயா பேரு சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டேன்.

"அவரு பேரு எதுக்கு? எம்பேருல எழுது தம்பி. இத்தன வருசத்துல ஒரு நோட்டுலயும் எம்பேரு வந்ததில்ல."

எழுதினேன். எது தன் பெயர் என்று கேட்டார். காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். மை காயவில்லை, கடைசி எழுத்து இழுபட்டுவிட்டது. திருத்தி எழுதட்டுமா என்றேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுண்டல்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். அந்த மொய் நோட்டு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது 1,86,350 ரூபாய்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கணக்கை ஒட்டப் பத்து நாள் தாமதமாகிவிட்டது. அதற்குள் எட்டுப் பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாளே சிலிண்டர் பில், மளிகை பில், மருந்துக்கடை பில் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து டீக்கடைப் பலகையில் ஒட்டினோம். இன்றுவரை மாதம் ஐந்தாம் தேதிக்குள் ஒட்டிவிடுகிறோம். கூட்டமாக நின்று யாரும் படிப்பதில்லை, ஆனால் ஒரு மாதம் தவறினால் நாலு பேர் கேட்கிறார்கள்.

உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

பதில், நாசரேத் பக்கம்

அண்ணா, படிக்கும்போது எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலம்தான் ஞாபகம் வந்தது. வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், கோழி என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாது. கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற நாட்டுக்கோழி முட்டையை 300 ரூபாய்க்கு எடுப்பார்கள். எடுத்தவரே, "திரும்ப விடுங்க" என்று மேசையில் வைத்துவிடுவார்.

நான் பார்த்த ஏலத்தில் ஒரே முட்டை ஐந்து தடவை விலைபோனது. ஐந்தாவது தடவை எடுத்தவர் பம்பாயிலிருந்து லீவுக்கு வந்தவர், 1,500 கொடுத்தார். அந்த வருடப் பணம் ஒரு பிள்ளைகள் விடுதிக்குப் பாயும் போர்வையும் வாங்கப் போனது. முட்டையை யார் கொண்டுவந்தது என்று பிறகு விசாரித்தால், அதே விடுதியில் படிக்கிற ஒரு பையனின் பாட்டி. கொடுக்க வேறொன்றும் இல்லை என்று கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

பதில், மதுரை

நாங்கள் பெண்கள் இருபது பேர் பிடி அரிசி சேர்க்கிறோம். உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி தனிப் பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பார். ஒரு வீட்டில் வாரத்துக்கு அரைக் கிலோ வரும். காசு கேட்டால் கணவரைக் கேட்க வேண்டும் என்பவர்கள்கூட அரிசிக்கு யாரையும் கேட்பதில்லை. அதனால்தான் அந்தப் பூக்கட்டும் அம்மா சொன்னது எனக்கு நெஞ்சில் தைத்தது.

முதல் மாதம் ஒரு தப்பு செய்தோம். எல்லா வீட்டு அரிசியையும் ஒரே மூட்டையில் கொட்டிவிட்டோம். பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, ரேஷன் புழுங்கல் எல்லாம் கலந்து, நாங்கள் கொடுக்கும் குழந்தைகள் காப்பகத்தில் சமைத்தால் பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருந்திருக்கிறது. சமையல்கார அம்மா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் நானே அங்கே சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பிள்ளைகள் அதைத்தான் ஒரு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது கை நின்றுவிட்டது.

இப்போது மூன்று வாளி எடுத்துப் போகிறோம். பச்சரிசி தனி, சாப்பாட்டுப் புழுங்கல் தனி, இட்லி அரிசியும் ரேஷன் அரிசியும் ஒன்றாக. அந்த மூன்றாவது வாளி நேராக மாவு அரைக்கப் போய்விடும். மூட்டைக்குள் வசம்புத் துண்டு போட்டுவைத்தால் வண்டு அண்டாது. நாலு வீட்டுக்காரர்கள் புழுத்த அரிசியைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வடிப்போமா?" என்று நேரடியாகவே கேட்டேன். ஒருவர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். மற்றவர்கள் மாறிவிட்டார்கள்.

வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. மூட்டை மூட்டையாக அரிசி கொண்டுவந்து இறக்குகிறவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன். எங்கள் மூன்று வாளி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, ஆனால் ஒரு வாரமும் நிற்கவில்லை.

பதில், ஸ்காபரோ, கனடா

நான் யாழ்ப்பாணம். 90களில் இங்கே வந்த புதிதில், இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் இலவசமாகத் தருகிற ஃபுட் பேங்க் வாசலுக்கு நான் முதன்முதலாகப் போனது வாங்குவதற்குத்தான், கொடுப்பதற்கு இல்லை. பனிக்குள்ளே வரிசையில் நின்றோம். தந்த பையில் சிவப்பு பீன்ஸ் டின், மக்ரோனி, சூப் டின். அம்மா அதை எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் மேசையில் அடுக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தா. கடைசியில் பீன்ஸைக் கழுவி, தூள் போட்டுக் கறியாக்கினா. நன்றாகத்தான் இருந்தது.

இப்போது தைப்பொங்கலுக்கு எங்கட கட்டடத்தில் இருக்கிற குடும்பங்களிடம் சேர்க்கிறோம். நான் கேட்பது மைசூர்ப் பருப்பும் அரிசியும் தேங்காய்ப்பால் டின்னும். இப்போது வந்திறங்குகிற பிள்ளைகளுக்கும் தாய்மார் இருப்பினம்தானே. காசாகத் தந்தால் ஃபுட் பேங்க்காரர் மொத்த விலைக்கு வாங்குவினம், அது இன்னும் கூடப் பயன். அதனால் இரண்டுக்கும் பெட்டி வைத்திருக்கிறேன்.

இழையைத் தொடங்கியவர்

மதுரை அக்கா, வாளி விஷயத்தை எங்கள் இல்லத்தில் சொன்னேன். அங்கேயும் அதே கதைதான், இத்தனை நாள் அவர்களும் வாய் திறக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அங்கே உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த வருட விருந்துக்கு அந்தப் பூக்கட்டும் அம்மா தன்னோடு மார்க்கெட்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்தார். நாலு பேரும் அவரவர் பெயரிலேயே எழுதச் சொன்னார்கள். அதில் ஒருவரிடம் இனிஷியல் என்ன என்று கேட்டேன். அப்பாவுடையதைப் போடுவதா, வீட்டுக்காரருடையதைப் போடுவதா என்று யோசித்தார். பிறகு, "பேரு மட்டும் போதும்" என்றார்.