வட்டுவாகல் சொந்தங்கள் (முல்லைத்தீவு, குடும்ப அரட்டைக் குழு): பழைய பாலம் நிற்கட்டுமா, போகட்டுமா?

மச்சாள் (முள்ளியவளை): இரவு முழுக்க இங்கே மழை. மாமிக்கு, உங்கள் பெரியம்மாவுக்கு, நாளை மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் கிளினிக் அல்லவா? வட்டுவாகலால் வர முடியுமா?

அண்ணா: வரலாம். தண்ணீர் இன்னும் பாலத்துக்குக் கீழேதான். லொறி எதிரே வந்தால் மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒற்றைப் பாதை, தெரியும்தானே.

மச்சாள்: இன்னும் இரண்டு நாள் இப்படியே பெய்தால்?

அண்ணா: அப்போது கேப்பாப்பிலவு, வற்றாப்பளை சுற்றித்தான். ஆட்டோக்காரர் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டியதுதான்.

நான்: [படம்] இன்று காலை பாலத்தடி. புது வேலைக்கு வந்த இயந்திரங்கள்.

மாமா (ரொறன்ரோ): செப்டம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி வந்து தொடக்கிவைத்ததை இங்கே செய்தியில் பார்த்தேன். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 100 கோடி ரூபா ஒதுக்கினார்கள் என்றபோதும் நான் நம்பவில்லை.

பெரியப்பா: எத்தனை தேர்தல் மேடையில் இந்தப் பாலத்தைக் கட்டித் தந்தார்கள் தம்பி. இந்த முறைதான் இரும்பும் வந்திருக்கிறது.

மாமா: ஒரே ஒரு கவலை அத்தான். பழையதை உடைத்துவிடுவார்களோ? அது நிற்க வேண்டும். 2009 மேயில் முள்ளிவாய்க்காலிலிருந்து எங்கள் சனம் வெளியே வந்த வழி அது. உலகத்தில் எந்த இனமாவது அப்படி ஒரு பாலத்தை உடைக்க விடுமா? நாங்கள் இங்கே கையெழுத்துச் சேர்க்கத் தயார்.

அண்ணா: மாமா, கோபிக்காதீர்கள். கையெழுத்துக்கு முன்னம் ஒருமுறை மாரியில் வந்து பாருங்கள்.

மாமா: என்ன சொல்கிறாய்?

அண்ணா: பாலம் தாழ்வு. கீழே தண்ணீர் போகிற கண்களும் சின்னன். பேராற்றுத் தண்ணீர், முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர், சுற்றியுள்ள வயல் வெள்ளம் எல்லாமே நந்திக்கடல் கடனீரேரிக்குத்தான் வருகிறது. அங்கிருந்து கடலுக்குப் போக இருக்கிற வாய் வட்டுவாகல் தொடுவாய் ஒன்றுதான். அதற்குக் குறுக்கே 400 மீட்டருக்குச் சற்றுக் கூடிய நீளத்தில் ஒரு தடுப்புப் போல இந்தப் பாலம் கிடக்கிறது. செத்தையும் சல்வீனியாக் களையும் கண்களை அடைத்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் பாயும். அதற்குப் பிறகு பஸ்ஸும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அண்ணா: புதுப்பாலம் உயரமாக வந்து, பழையதும் பக்கத்தில் அப்படியே கிடந்தால் சனம் நனையாமல் போகும், சரி. தண்ணீர் எப்படிப் போகும்?

மச்சாள்: வற்றாப்பளைப் பக்க வயற்காரரும் இதையேதான் கத்துகிறார்கள், சித்தப்பா.

மாமா: அப்படியென்றால் இவ்வளவு காலம் எப்படிப் போனது?

பெரியப்பா: [குரல் பதிவு]

மாமா: வேலையில் நிற்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதிப் போடுங்கள்.

நான்: பெரியப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இருமலை விட்டுவிட்டேன்.

"தம்பி, பாலம் வருவதற்கு முன்னம் தோணிதான் என்று எங்கள் ஐயா சொல்லுவார். கோடையில் தோணியும் வேண்டாம். வங்கக்கடலில் வற்றும் பெருக்கும் ஒரு மீட்டர்கூட இல்லை, அதனால் தொடுவாயைத் தானாகத் திறந்து வைத்திருக்க அதற்குப் பலம் காணாது. ஆவணி, புரட்டாசியில் கடல் மணலைத் தள்ளித் தள்ளி வாயை மூடிவிடும். அந்த மண்திட்டால் மாட்டு வண்டியே போகுமாம். மாரியில் நந்திக்கடல் நிரம்பும். வயலுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று கமக்காரர் வருவார்கள், வெட்டுங்கள் என்பார்கள். கடற்றொழிலாளிகள், பொறுங்கள், இறால் இன்னும் பருக்கவில்லை என்பார்கள். இறால் கடலில் முட்டை போட, குஞ்சு தொடுவாயால் உள்ளே வந்து, மூன்று நாலு மாதம் இங்கே வளர்ந்து திரும்பிப் போகிற உயிர். சீக்கிரம் வெட்டினால் குஞ்சோடு போய்விடும், பிந்தி வெட்டினால் வயல் அழுகும். இந்தச் சண்டை என் சின்ன வயதிலும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கடைசியில் சப்த கன்னிமார் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு மண்வெட்டியோடு இறங்குவோம். ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் கீறினால் போதும். மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டு போகும். அந்த வேகத்தில் நின்றவன் கால் நிலைக்காது.

"பாலம் வந்த பிறகுதான் மாரியிலும் புதுக்குடியிருப்புப் பஸ் ஓடியது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் போகிற சனம், காவடி, தூக்குக்காவடி எல்லாம் இதாலேதான். 2004 மார்கழி 26இல் கடல் வந்து முல்லைத்தீவையே வழித்துக்கொண்டு போனது. அந்த முறை யாரும் தொடுவாயை வெட்டவில்லை, கடலே வெட்டியது. அதற்குப் பிறகு சண்டை. அதனால் பாலத்தைக் குறை சொல்லாதே மோனை. அது தன் வயதுக்கு மேலே உழைத்துவிட்டது."

அண்ணா: பாலத்தைக் குறை சொல்லவில்லை பெரியப்பா. தண்ணீருக்கு வழி கேட்கிறேன்.

மாமா: எல்லாம் சரி. ஆனால் 2009ஐ எங்கே வைப்பது? ஜனவரி 25இல் முல்லைத்தீவு நகரம் இராணுவத்திடம் போனது. அதற்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சியது கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடையில் அந்த மணல் துண்டு. மே 17, 18இல் அங்கிருந்து நடந்து வந்தவர்கள் இந்தப் பாலத்தில்தான் ஏறினார்கள். பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் சரணடையப் போனவர்களோடு கூடப் போனதும் வட்டுவாகலில்தான். அவரும் திரும்பவில்லை, அவரோடு போனவர்களும் திரும்பவில்லை. பாலமும் இல்லையென்றால் இப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அண்ணா: இதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

மச்சாள்: மாமி, நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்தானே? நீல அடையாளம் தெரிகிறது.

பெரியம்மா: ஓம் பிள்ளை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரியம்மா: நான் பாலத்தில் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. கால் வைக்க இடம் பார்த்துத்தான் நடந்தேன். நினைவில் நிற்பது பாலம் முடிந்த இடம். அங்கே ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வாருங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று. நான்தான் தம்பியைப் போகச் சொன்னேன். பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியில் இருந்தான்.

பெரியம்மா: அதனால் முழுப்பாலமும் எனக்கு வேண்டாம். தண்ணீர் போகட்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகட்டும். அந்தக் கரையில் ஒரு துண்டை விட்டு, பஸ் நின்ற இடத்தில் ஒரு கல் வைக்கட்டும். கிளினிக்குக்குப் போகிறபோதெல்லாம் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன், அங்கே ஒன்றும் இல்லை.

பெரியப்பா: அவள் சொல்வது சரி.

மாமா: அக்கா, எனக்கு இது தோன்றவில்லை. நான் முழுதாக வேண்டும் என்று நின்றேன்.

அண்ணா: கரையோடு இரண்டு கண் விட்டால் தண்ணீருக்குத் தடையில்லை மாமா. தொடுவாய்ப் பக்கம் திறந்தால் போதும். எங்கள் தொழிலாளிகளும் இதை எதிர்க்க மாட்டார்கள்.

மச்சாள்: கல் வைக்க விடுவார்களா? அந்தப் பக்கம் பக்கத்திலேயே கடற்படை முகாம்.

அண்ணா: காணிக்காக அந்த முகாம் வாசலில் சனம் எத்தனை முறை நின்றது! கேப்பாப்பிலவுச் சனமும் 2017இல் வீதியில் இருந்துதான் கொஞ்சமாவது காணியை எடுத்தார்கள். கேட்காமல் ஒன்றும் வராது. விட மாட்டோம் என்றால் அதையும் எழுத்தில் தரட்டும்.

நான்: யாரிடம் கொடுப்பது? பாலம் கட்டுகிறவர்களிடமா, மாவட்டச் செயலகத்திலா?

பெரியப்பா: இரண்டு இடத்திலும். ஒன்றின் பிரதியை மற்றதில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாத கடிதத்தைப் பிறகு காணவில்லை என்பார்கள்.

அண்ணா: ஞாயிற்றுக்கிழமை கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம் இருக்கிறது. தொடுவாய் எப்போது வெட்டுவது என்ற பேச்சோடு இதையும் வைக்கிறேன். கமக்காரரையும் கூப்பிடச் சொல்லுகிறேன். அவர்களும் ஒப்பமிட்டால் பலம்.

மாமா: கடிதத்தை நான் எழுதி அனுப்பவா? வரலாறு எல்லாம் சேர்த்து எழுதலாம். பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து தொடங்கினால்...

அண்ணா: மாமா, இது பாலத்துக்கான கடிதம்.

பெரியப்பா: தம்பி எழுதினால் வாசிக்கிறவர் ஓய்வூதியத்தில் போன பிறகுதான் முடியும். பிள்ளை எழுதட்டும், ஒரு பக்கம்.

நான்: சரி, இரவைக்கு எழுதிப் போடுகிறேன். பெரியம்மா, நீங்கள் சொன்ன இடத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். நாளை போகும்போது ஆட்டோவை நிறுத்திக் காட்டுவீர்களா?

பெரியம்மா: காட்டுகிறேன். ஏழு மணிக்கே வரச் சொல். பிந்தினால் நம்பர் கிடைக்காது.